தோற்ற கையோடு ஊசி எடுக்காதே, தம்பி

தம்பி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அந்தப் பக்கம் 'ம்', 'சரிப்பா' என்று சொல்லிக்கொண்டே ஒரு சிப்பாயை முன்னால் தள்ளியிருப்பாய். போன மாதம் உன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த விஷயத்தை நான் சொன்னபோது 'சூப்பர்ப்பா' என்றாயே, அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, நீ என்னோடு பேசவில்லை, வேறு யாருக்கோ செக் வைத்துக்கொண்டிருந்தாய் என்று. அதனால்தான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி எழுத உட்கார்ந்தேன். இன்று செவ்வாய்க்கிழமை, சலூனுக்கு லீவு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. எங்கேயாவது புள்ளி விட்டுப்போயிருந்தால் நீயே வைத்துக்கொள். முழுசாகப் படி. படிக்கும்போது அந்தப் போனை அலமாரியில் வை.

வருகிற திங்கட்கிழமை முதல் விழுப்புரத்தில் நீ தனியாக டயாலிசிஸ் போடப் போகிறாய். இத்தனை நாள் பக்கத்தில் ஒரு சீனியர் நின்றார். இனி நீயே கையைத் தடவி, நரம்பில் ஓடுகிற இரைச்சலை விரலால் பார்த்து, நீயே இரண்டு ஊசியையும் குத்த வேண்டும். அந்த ஊசி எவ்வளவு தடிமன் என்று நீ ஒருநாள் காட்டினாய். பார்த்துவிட்டு அன்று இரவு நான் சாப்பிடவில்லை. சர்க்கரைக்காரன் சாப்பிடாமல் படுக்கக் கூடாது என்று உன் அம்மா திட்டினாள். முதல் நாள் முதல் கட்டிலில் படுக்கப்போகிறவர் யார் என்பதும் உனக்குத் தெரியும். நம் சூசை பெரியப்பா. இரண்டு வருஷமாக வாரம் மூன்று நாள் அங்கே போய்ப் படுத்திருக்கிறவர். அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று உனக்குச் சொன்னவரே அவர்தான். 'மொதல் ஊசி எனக்குத்தான்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த நோட்டு.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு நீ திண்டிவனம் வந்திருந்தாய். பூசை முடிந்து வந்து, அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து போனில் செஸ் ஆட ஆரம்பித்தாய். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உன்னைப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் ஆட்டம் தோற்றதும் சிரித்தாய். இரண்டாவதில் 'ச்சே' என்றாய். மூன்றாவதில் இருந்து சத்தமே இல்லை. கட்டை விரல் மட்டும் போய்ப் போய் மறுபடி ஆடு என்கிற அந்தப் பட்டனை அழுத்தியது. ஒன்பது ஆட்டம். நான் எண்ணினேன். வரும்போது ஆயிரத்து நானூற்று எண்பது என்று பெருமையாகக் காட்டினாயே உன் ரேட்டிங், அது ஒன்பதாவதுக்குப் பிறகு ஆயிரத்து நானூறுக்குக் கீழே போய்விட்டது என்று நீயே வாய்க்குள் சொல்லிக்கொண்டாய். அந்த நேரம் பார்த்து நான் ஒரு முட்டாள் வேலை செய்தேன். 'தம்பி, சாப்பாட்டுக்கு முன்னாடி சக்கரை பாத்துடேன்' என்று விரலை நீட்டினேன்.

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நீட்டிய விரல் எது என்றும் பார்க்கவில்லை. விரலின் ஓரத்தில் குத்தினால் வலிக்காது, நடுவில் குத்தினால்தான் வலிக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். அன்று நடுவில் குத்தினாய். ரத்தம் வரவில்லை என்று மறுபடியும் அதே இடத்தில் குத்தினாய். நான் கையை இழுத்தேன். 'அசையாதப்பா' என்றாய். அந்தக் குரல் உன்னுடையது இல்லை, தம்பி. தாடை இறுகியிருந்தது. என் விரலைப் பிழிந்த உன் விரல்கள் வேறு எவனுடைய கழுத்தையோ பிழிந்துகொண்டிருந்தன. 'நூத்தி எண்பது' என்று சொல்லிவிட்டு மறுபடி போனை எடுத்தாய். அது கத்தரிக்கோல் வளையத்துக்குள் போகிற என் மோதிர விரல். மூன்று நாள் நீலமாக இருந்தது. புதன்கிழமை ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பக்கக் கிருதா காது வரை ஏறிவிட்டது. அவர் நல்லவர், புது ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டு போனார். விரல் வலித்ததைச் சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. அந்தத் தாடையை எனக்கு முன்னமே தெரியும். நான் அதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். என் முகத்தில்.

சூசை பெரியப்பாவின் இடது தாடைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறதே. சின்னப் பிள்ளையில் நீ அதைத் தடவித் தடவிக் கேட்பாய். செஞ்சி மலையில் சிறுத்தை கீறியது என்று ஒருநாள் சொல்வார். பஸ்ஸில் சில்லறை கேட்டு ஒரு பாசஞ்சர் கீறிவிட்டான் என்று இன்னொரு நாள். நீ பள்ளிக்கூடத்தில் போய்ச் சிறுத்தைக் கதையைச் சொல்லி, வாத்தியாரிடம் பொய் சொன்னதற்காக முட்டி போட்டாய். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சிறுத்தை நான்தான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். அப்போது நம் கடை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் இருந்தது. இரண்டு நாற்காலி, எதிரே ஒரு பெரிய கண்ணாடி, முதுகுப் பக்கச் சுவரோரம் ஒரு பெஞ்சு. பெஞ்சு மேல் ஒரு செஸ் போர்டு. யாரோ மறந்து விட்டுப்போன போர்டு அது. காய் குறைந்துபோனதால், கறுப்புக் குதிரைக்குப் பதிலாகச் சவர பிரஷ்ஷின் உடைந்த கைப்பிடி. வெள்ளை யானை ஒன்றுக்குப் பதிலாக ஒரு துண்டு படிகாரம். சவரம் முடிந்ததும் முகத்தில் தேய்ப்போமே, அந்தக் கல்தான். சூசை அப்போது விழுப்புரம் - திண்டிவனம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மூன்று மணிக்கு வண்டி வந்து நிற்கும், நாலு பத்துக்கு எடுக்கும். நடுவில் உள்ள நேரத்துக்கு நம் பெஞ்சு அவருடைய ஓய்வு அறை. தோளில் தோல் பை, காதில் பென்சில். பிஷப்பை வெட்டும்போது மட்டும் சிலுவை போட்டுக்கொண்டு வெட்டுவார்.

நான் ஆடிய விதத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். நான் அவர் தலையை வெட்டிக்கொண்டே, கண்ணாடியில் தெரிகிற போர்டைப் பார்த்து வாயால் ஆடுவேன். எனக்கான காயையும் சூசைதான் நகர்த்துவார். இதில் எனக்குப் பெரிய பெருமை. திண்டிவனத்தில் வேறு எவன் திரும்பிப் பார்க்காமல் செஸ் ஆடுகிறான் என்று. ஆனால் கண்ணாடியில் வலப்பக்கம் தெரிவது, திரும்பி நின்று பார்த்தால் இடப்பக்கம். பன்னிரண்டு வருஷம் கண்ணாடி முன்னால் தொழில் செய்தவனுக்கு இது தெரியாதா என்று நீ கேட்கலாம். தலைமுடியில் தெரியும். வகிடு எந்தப் பக்கம் என்று ஒருநாளும் தப்பியதில்லை. செஸ்ஸில் மட்டும், அவசரத்தில், மறந்துபோகும்.

'வலது யானையை நேரா விடுங்க.'

'வலதா மாஸ்டர்? நல்லா யோசிச்சிக்கினு சொல்லு.'

'வலதுதான்னா வலதுதான்.'

அவர் மெதுவாக, ரொம்ப மரியாதையாக, பெஞ்சில் எது வலதோ அதை நகர்த்துவார். கடையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். சொன்னது சொன்னதுதான் என்பது எங்கள் சட்டம். திரும்பி உட்கார்ந்து நேராகப் பார்த்து ஆடியிருந்தால் பாதி ஆட்டத்தையாவது காப்பாற்றியிருப்பேன். ஆனால் தோற்கத் தோற்க எனக்கு வந்தது என்ன தெரியுமா, இதே கண்ணாடியில், இதே மாதிரி நின்றுகொண்டே ஜெயித்துக் காட்டுவேன் என்கிற வீம்பு. முன்னைவிட வேகமாக ஆடுவேன். அவர் கை காயை விட்டு வருவதற்குள் அடுத்ததைச் சொல்லிவிடுவேன். நீ ஞாயிற்றுக்கிழமை ஆடினாயே, அவன் ஆடுவதற்கு முன்பே உன் கட்டை விரல் தயாராக நின்றதே, அதே வியாதி. முதல் இரண்டு தோல்வி ஆட்டத்தில் வருகிறது தம்பி. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்த இரண்டு தோல்வியில் இருந்து வருகிறது.

வரிசையாகப் பதினோரு நாள் தோற்றேன். பன்னிரண்டாம் நாள் வலம் இடம் மாறி என் ராணியைப் பறிகொடுத்தேன். நாற்காலியில் இருந்த ஆள் எழுந்து போனதும் சூசை கடிகாரத்தைப் பார்த்தார். 'இன்னும் ரெண்டு நகர்த்தல்ல நீ காலி. அது எங்கியும் ஓடாது. மொதல்ல எனக்கு ஷேவிங் பண்ணிடு, ஜல்தி, வண்டி எடுக்கணும்' என்று வந்து உட்கார்ந்தார். போர்டை அப்படியே விட்டுவிட்டோம். துணி கட்டினேன். நுரை போட்டேன். தோல் வாரில் கத்தியைத் தீட்டினேன். அப்போதெல்லாம் பிளேடு மாற்றுகிற கத்தி இல்லை, முழுக் கத்தி. வலது கன்னம் முடித்தேன். தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டினார், கண்ணை மூடிக்கொண்டார். நுரைக்குள் உதடு மட்டும் சிரித்தது.

'ராணி போச்சே, மாஸ்டர்.'

நான் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் பெஞ்சில் என் ராஜா மூலையில் நின்றுகொண்டிருந்தது. முன்னால் என் முகம். நான் சொன்னேனே, அந்தத் தாடை. கத்தி அவருடைய இடது தாடைக்குக் கீழே இருந்தது. பிறகு நுரை சிவந்தது.

கத்தி வழுக்கியதா, நான் அழுத்தினேனா? இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆயிரம் தடவை யோசித்திருக்கிறேன். வழுக்கியது என்றுதான் அன்று வாய் சொன்னது. ஆனால் வழுக்கும்போது கைக்கு ஒரு திடுக்கிடல் வரும். தொழில்காரனுக்குத் தெரியும். அன்று என் கை திடுக்கிடவில்லை. அதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை, கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது கூடச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

படிகாரத்தைத் தேடினேன். எப்போதும் வைக்கிற இடத்தில் இல்லை. பதற்றத்தில் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். பிறகு ஓடிப்போய்ப் போர்டில் இருந்த என் வெள்ளை யானையை எடுத்துவந்து, தண்ணீரில் நனைத்து, அவர் கழுத்தில் வைத்து அழுத்தினேன். 

'எரியுதா கண்டக்டர்?'

'எரியறது இருக்கட்டும். யானையை எடுத்துட்டியே. அப்ப ஆட்டம் எனக்குத்தான்.'

அந்த நேரம் வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். சூசை என் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் நுரையோடும், பையை மாட்டிக்கொண்டு ஓடினார். வண்டி நகர்ந்து, அவர் விசில் கேட்டது. நான் கடையின் கதவை இழுத்து மூடிவிட்டு, உள்ளே என் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கை எழுந்து வேறு ஏதாவது செய்துவிடும் என்பது போல. நீ அப்போது அம்மா வயிற்றில் ஏழு மாதம். பிள்ளைக்கு என் மூக்கு வருமோ, என் ஒன்பதாம் வகுப்பு வருமோ என்று மற்றவர்கள் பயப்பட்டிருப்பார்கள். நான் அன்று முதல் பயந்தது இந்தக் கைக்கு. இது உனக்கு வந்துவிடக் கூடாதே என்று.

மறுநாள் மூன்று மணிக்கு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கழுத்தில் பிளாஸ்திரி. அதே அரை முகம். நான் கத்தியைத் தொடவில்லை.

'இன்னிக்கு வேணாம் கண்டக்டர். வேற கடை பாத்துக்குங்க.'

'வேணாம்னா? நேத்துல இருந்து பாதி மொகத்தோட டிக்கெட் கிழிச்சிக்கினு இருக்கேன். பாசஞ்சர் சிரிக்கறான். பெரிய பேஜாரு.' உட்கார்ந்தார். துணியை அவரே கட்டிக்கொண்டார். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார். 'இன்னிக்குத் தோத்தியா, ஜெயிச்சியா?'

'இன்னிக்கு இன்னும் ஆடலை.'

'அப்ப சரி. வா.' கழுத்தைச் சாய்த்தார்.

அந்தக் கேள்வி உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதும்போதெல்லாம் கேட்டிருப்பாய். ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்ப்பதற்கு முன்னால் அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன். நீயும் அவரைப் போலவே கேட்டு விளையாடுவாய். அது விளையாட்டு இல்லை, தம்பி. அந்த மனிதர் தன் கழுத்தைக் கொடுப்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி. உன் ஞானஸ்நானத்துக்கு அவரை ஞானத்தகப்பனாக நிறுத்தியபோது, நட்பு என்று எல்லோரும் சொன்னார்கள். பாதி நட்பு. மீதிப் பாதி, இவர் என் பிள்ளை பக்கத்திலேயே நிற்கட்டும், ஏதாவது தெரிந்தால் இவருக்குத்தான் முதலில் தெரியும் என்கிற பயம்.

அன்றில் இருந்து கடையில் முதலில் சவரம், பிறகுதான் ஆட்டம். நாளுக்கு ஒரே ஆட்டம். அதையும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, போர்டைப் போர்டாகப் பார்த்து. தோற்றால் உடனே அடுத்த ஆளைத் தொட மாட்டேன். விளக்குமாற்றை எடுத்துக் கடை முழுக்கப் பெருக்குவேன். மூலையில் கிடக்கிற முடி வரைக்கும். பெருக்கி அள்ளிக் கொட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்துதான் கத்தியை எடுப்பேன். நம் கடை மாதிரி சுத்தமான கடை திண்டிவனத்திலேயே இல்லை என்று பேர் வாங்கினேனே, உன் அம்மா கூட அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் என்னைப் பெருக்க வைத்தாளே, அதற்குக் காரணம் நான் சுத்தக்காரன் என்பது இல்லை. அவ்வளவு தோற்றிருக்கிறேன். முப்பத்து சொச்சம் ஆட்டம் தோற்ற பிறகு ஒருநாள் டிரா ஆனது. அன்று கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னேன். ஏழாவது மாதம் முதல் தடவையாக ஜெயித்தேன். அந்தச் சந்தோஷத்திலும் கத்தியை எடுக்கவில்லை. ஜெயித்த கைக்கும் கொஞ்சம் பைத்தியம் உண்டு.

உன்னுடைய ஆட்டம் வேறு, போனில் ஆடுவது வேறு என்று நீ சொல்வாய். அதையும் பார்த்துவிடலாம் என்றுதான் போன செவ்வாய்க்கிழமை, பக்கத்துக் கடை செல்போன் ரிப்பேர்காரரிடம் சொல்லி, என் போனிலும் அதை ஏற்றிக்கொண்டேன். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். கொடியைப் பார்த்து எந்த நாடு என்று தெரியாத ஒருத்தன் என்னை ஆறு நகர்த்தலில் முடித்தான். அடுத்தது வேறொரு கொடி. ஐந்தாவது ஆட்டத்தில் உன் அம்மாவைப் பார்த்து, குழம்பில் உப்பு அதிகம் என்று கத்தினேன். அவள் இன்னும் அடுப்பே பற்ற வைக்கவில்லை. ஒன்பதாவதில் கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டித் தட்டித் திரும்பிப் போய்விட்டார். பதினாலு ஆட்டம் தோற்றேன். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே நினைப்பு, ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டு எழுந்துவிடலாம். தோல்வியோடு எழுந்தால் நாள் முழுக்க நாறிப்போகும் என்று. அந்த நினைப்புதான் பதினாலையும் ஆட வைத்தது.

அன்றைக்குத்தான் எனக்கு முழுப் பயமும் வந்தது. சூசையோடு ஆடியபோது நாலு பத்துக்கு வண்டி கிளம்பும். எவ்வளவு வீம்பு இருந்தாலும் விசில் அடித்ததும் ஆட்டம் முடிந்தே தீரும். மறுநாள் மூன்று மணி வரைக்கும் நான் என்ன முட்டி மோதினாலும் எதிராளி கிடையாது. அந்த இருபத்து மூன்று மணி நேரத்தில் சூடு தானாக இறங்கும். உன் போனில் வண்டி கிளம்புவதே இல்லை. எப்போது கூப்பிட்டாலும் எவனோ ஒருத்தன் தயாராக உட்கார்ந்திருக்கிறான். இன்னொன்றும் இருக்கிறது. சூசை என்னைத் தோற்கடித்தால் சூசை என் எதிரில் இருந்தார். கோபம் போகவேண்டிய இடம் தெரியும், அதனால் அதைப் பார்த்துப் பயப்படவும் முடிந்தது. போனில் உன்னைத் தோற்கடித்தவனுக்குக் கழுத்து கிடையாது, கை கிடையாது, முகம் கிடையாது. அவன் உனக்கு அகப்படவே மாட்டான். அகப்படுவது பக்கத்தில் இருக்கிறவர்கள். விரலை நீட்டிய நான். அடுப்புப் பற்றவைக்காத உன் அம்மா. திங்கட்கிழமை, கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறவர்.

ஆடாதே என்று சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை, இன்று காலை கூட ஒரு ஆட்டம் தோற்றுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். பெருக்கியாகிவிட்டது, பயப்படாதே. ஆனால் உனக்கு ஒரு நாலு பத்து வண்டியை நீயே வைத்துக்கொள். இரண்டு ஆட்டம் தோற்றால் வண்டி கிளம்பிவிட்டது என்று வை. மூன்றாவதாக ஆடுகிறவன் நீ இல்லை, உன் தாடை. தோற்ற ஆட்டத்தை அன்றைக்கே திறந்து பார்த்து உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. மறுநாள் பார், வேறு எவனோ ஆடிய மாதிரி தெரியும், தப்பும் தெரியும். ரேட்டிங் இறங்கினால் இறங்கட்டும். அந்த எண்ணைப் பார்த்து எந்த நோயாளியும் உன்னிடம் கையைக் கொடுப்பதில்லை. டூட்டிக்கு முன்னாலும் டூட்டிக்கு நடுவிலும் போனைத் தொடாதே. மீறித் தொட்டுத் தோற்றுவிட்டால், அங்கே பெருக்க விளக்குமாறு கொடுக்க மாட்டார்கள், தண்ணீர்க் குழாய் இருக்கும். முழங்கை வரை கழுவு. நீ எப்படியும் கழுவித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் கூடுதல் நேரம் கழுவு.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். உன் முதுகுக்குப் பின்னால் செய்த காரியம். சனிக்கிழமை நான் பாண்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விழுப்புரம் வந்தேன். உனக்கு அன்று லீவு என்று தெரிந்துதான் வந்தேன். சூசை பெரியப்பா மெஷினோடு படுத்திருந்தார். கை மெலிந்துவிட்டது, தம்பி. பை மாட்டியிருந்த தோள் எலும்பாகத் தெரிகிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

'கண்டக்டர், ஒரு மாசம் போகட்டும். அதுவரைக்கும் பையன்கிட்ட கையைக் குடுக்காதீங்க. வேற யார்கிட்டயாவது போட்டுக்கினு இருங்க.'

'ஏன், அவன் நல்லாத்தானே பழகியிருக்கான்?'

'போன்ல தோத்துக்கினே இருக்கான். அவன் தாடையைப் பாத்தேன். எனக்குப் பயமா இருக்கு.'

அவர் சிரித்தார். சத்தம் வரவில்லை, வயிறு மட்டும் குலுங்கியது. மெஷின் 'பீப்' என்றது. ஒரு சிஸ்டர் ஓடிவந்து என்னை முறைத்துவிட்டுப் போனார்.

'உன்கிட்ட கழுத்தையே குடுத்தவன் நான். அவன் கேக்கறது கைதானே.' மறு கையால் அந்தத் தழும்பைத் தடவிக்காட்டினார். 'அன்னிக்கு உன் கத்தி வழுக்கலைன்னு எனக்குத் தெரியும், மாஸ்டர்.'

 இருபத்து சொச்சம் வருஷம் நான் மறைத்துவைத்திருந்ததை அவர் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். 'தெரிஞ்சிக்கினா மறுநாள் வந்து உக்காந்தீங்க?'

'பாதி மொகம் பாக்கி இருந்துச்சே.' பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். 'நீ பயந்துட்ட. அதைக் கண்ணாடியில பாத்தேன். பயந்தவன் கையிலதான் கழுத்தைக் குடுக்கலாம். உன் பையன் பயப்படறானா?'

 தெரியவில்லை எனக்கு. அதற்காகத்தான் இந்த நோட்டு முழுக்க எழுதினேன், தம்பி. நீ பயப்பட வேண்டும். நோயாளிக்கோ சீனியருக்கோ அந்த ரேட்டிங்குக்கோ பயப்படச் சொல்லவில்லை. உன் சொந்தக் கைக்கு, கொஞ்சம்.

திங்கட்கிழமை காலை அவர் வந்து படுப்பார். சட்டைக் கையை மடித்துவிடுவார். நீ ஊசியை எடுக்கும்போது, எனக்குத் தெரியும், உன் முகத்தைப் பார்த்துக் கேட்பார், 'இன்னிக்குத் தோத்தியா, ஜெயிச்சியா?' என்று. அங்கே இருக்கிறவர்கள் வேடிக்கை என்று சிரிப்பார்கள். நீ சிரித்துச் சமாளிக்காதே. உண்மையைச் சொல். 'இன்னும் ஆடலை பெரியப்பா' என்றால் அவரே கையை நீட்டுவார். 'தோத்துட்டேன்' என்றால் அதையும் அப்படியே சொல்லிவிட்டு, ஊசியைக் கீழே வைத்துவிட்டு, போய்க் கழுவிக்கொண்டு நிதானமாக வா. அவர் காத்திருப்பார். இப்போது அவருக்கு எடுக்கவேண்டிய வண்டி எதுவும் இல்லை.

அந்த நேரத்துக்கு நான் இங்கே யாருக்கும் சவரம் செய்ய மாட்டேன். வருகிறவர்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கடையைப் பெருக்கிக்கொண்டிருப்பேன். முடிந்ததும் ஒரு போன் பண்ணு. அதுவரைக்கும் பெருக்கிக்கொண்டே இருப்பேன்.

அப்பா